மதியம் 1.30 ஆனால் எல்லா விஎம்-மும் இழுக்கிறது: ப்ராக்ஸ்மாக்ஸ், இரண்டு சாக்கெட் சர்வர்

ராயபுரம்_சர்வர் (கேள்வி)

வணக்கம். ராயபுரத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகம். ஒரே ஒரு 2யூ ரேக் சர்வர்தான், அதன் மேல்தான் எல்லா விஎம்-மும் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் இயந்திரங்கள்).

இரண்டு ஜியான் இ5-2680 வி4. 128 ஜிபி டிடிஆர்4 இசிசி ராம் (16 ஜிபி ஸ்டிக் எட்டு). 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி நான்கு, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் இரண்டு மிரர் ஜோடி. எஸ்எஸ்டி-கள் சாதாரண டெஸ்க்டாப் வகை. விஎம்-களை ஓட்டும் மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2, பதிப்பு 7-லிருந்து அப்கிரேடு செய்தது. 1 கிகாபிட் நெட்வொர்க். பேக்கப் போக ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் உள்ள சேமிப்புப் பெட்டி), அதில் நான்கு ஹார்டு டிஸ்க், என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் பகிர்வு வழி.

விஎம்-கள்: 101 விண்டோஸ் சர்வர் 2019, கணக்கு மென்பொருளும் 18 பேருக்கான ரிமோட் டெஸ்க்டாப்பும், 32 ஜிபி. 102 உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், 24 ஜிபி. 103 ஃபைல் சர்வர், 12 ஜிபி. 104 டொமைன் கன்ட்ரோலர், 8 ஜிபி. 105 சோதனைக்கு, 8 ஜிபி.

பிரச்சினை: ஞாயிறு தவிர தினமும் மதியம் 1.30-லிருந்து 3.30 வரை ரிமோட் டெஸ்க்டாப் ஐந்து, பத்து விநாடி அப்படியே உறைந்து, பிறகு நகர்கிறது. 101-க்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம், ஆனால் வேகம் 2 எம்பி கூட இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்தில் ஐஓ டிலே (டிஸ்க்குக்காக சிபியு காத்திருக்கும் நேரம்) 5, 6 சதவீதம்தான். 101-க்கு விசிபியு (விஎம்-க்கு ஒதுக்கும் சிபியு) 8 இருந்ததை 16 ஆக்கிப் பார்த்தேன், முன்பைவிட மோசம். மாதக் கடைசியில் வேலை அதிகமானால் காலையிலும் மந்தம்தான், ஆனால் அப்போது உறைவதில்லை, பொதுவாக எல்லாமே மெதுவாக இருக்கும்.

எஸ்எஸ்டி-கள் தம் நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் விவரத்தில் தேய்மானம் 11 சதவீதம், ரீஅலோகேட்டட் செக்டர் பூஜ்யம். கெர்னல் லாக்கான டிமெஸ்ஜ்-ல் எப்போதாவது 'ஹார்டுவேர் எர்ரர், கரெக்டட்' என்று ஒரு வரி வருகிறது. எஸ்எஸ்டி-களை மாற்றிவிடலாமா என்று யோசனை. அதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

---

வண்ணை_லினக்ஸ்

எஸ்எஸ்டி வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். விடைக்கான நூலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: உள்ளே விண்டோஸ் டிஸ்க் 100 என்கிறது, வெளியே ஹோஸ்ட் (விஎம்-களைத் தாங்கும் சர்வர்) சும்மா இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் காட்டும் அந்த 100, டிஸ்க் வேகமாக ஓடுகிறது என்ற பொருளில் வருவதல்ல. ஏதோ ஒரு கோரிக்கை பதில் வராமல் காத்திருக்கும் நேரத்தின் சதவீதம் அது. அதாவது விஎம் எழுதச் சொல்லிவிட்டது, எஸ்எஸ்டி-க்கு அந்தச் சொல் இன்னும் போய்ச் சேரவில்லை. முடிச்சு நடுவில், விஎம்-ஐ ஓட்டும் க்யூஇஎம்யு அடுக்கில் விழுந்திருக்கிறது.

இதை உறுதி செய்ய, மந்தமாக இருக்கும் அதே நேரத்தில் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஹோஸ்டில் டிஸ்க்கை அளக்கும் ஐஓஸ்டாட்டை விரிவான பத்திகளோடு ஒரு விநாடி இடைவெளியில் ஓடவிட்டு, ஒவ்வொரு எஸ்எஸ்டி-க்கும் எழுதும் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். கூடவே இசட்பூல் ஐஓஸ்டாட்டைத் தாமதப் பத்திகளுடன். விண்டோஸில் பெர்ஃப்மான் (பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்) திறந்து ஃபிசிகல் டிஸ்க்கின் கீழ் 'ஆவரேஜ் டிஸ்க் செகண்ட் பெர் ரைட்'. ஹோஸ்டில் 2, 3 மில்லி விநாடியும் விண்டோஸில் ஒரு விநாடிக்கு மேலும் இருந்தால் எஸ்எஸ்டி குற்றவாளி இல்லை. ஐஓ டிலே கிராஃபை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம். என்எஃப்எஸ்-க்காகக் காத்திருப்பதும் அதற்குள் கலந்துவிடும்.

என் ஊகம்: 1.30-க்கு பேக்கப் வேலை வைத்திருக்கிறீர்கள். ஞாயிறு விடுமுறை, தினமும் ஒரே நேரம், முடிவதும் ஒரே நேரம். பயனர்களின் வேலைப்பளு இப்படிக் கடிகாரம் பார்த்து வராது.

ஸ்நாப்ஷாட் முறை பேக்கப் என்றால் விஎம் பாட்டுக்கு ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. பேக்கப் தொடங்கிய கணத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அந்த நிலையைத்தான் அது எடுக்க வேண்டும். இன்னும் நகலெடுக்காத ஒரு பகுதியின் மேல் விஎம் புதிதாக எழுத வந்தால், க்யூஇஎம்யு அந்த எழுத்தை நிறுத்தி வைக்கும். பழைய தரவைப் படித்து முதலில் பேக்கப்புக்கு அனுப்பும். அது போன பிறகுதான் புது எழுத்துக்கு வழி விடும். சாதாரண விஇசட்டம்ப் (ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் கருவி) 64 கேபி துண்டுகளாக இதைச் செய்கிறது. ஆக கணக்கு மென்பொருள் 4 கேபி எழுத வேண்டுமென்றால் கூட, 64 கேபி பழைய தரவை நாஸ் வாங்கிக்கொள்ளும் வரை வாசலில் நிற்க வேண்டும். நாஸ் திணறினால் உங்கள் 18 பேரும் திணறுவார்கள். நாஸில் இருப்பவை எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்த) ஹார்டு டிஸ்க் என்றால் இன்னும் மோசம்: தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் அவற்றின் வேகம் படுத்துவிடும்.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். பேக்கப் லாக்கில் மொத்த அளவும் சராசரி வேகமும் இருக்கும். 1 கிகாபிட்டில் உருப்படியாகக் கிடைப்பது விநாடிக்கு 110 எம்பி-யைச் சுற்றித்தான். 600, 650 ஜிபி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தானாக வந்துவிடும்.

இரவுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால், பதிப்பு 8.2-லிருந்து 'பேக்கப் ஃபிளீசிங்' இருக்கிறது, உங்களிடம் இருப்பது அதே பதிப்பு. டேட்டாசென்டர், பேக்கப், அந்த வேலையைத் திறந்து அட்வான்ஸ்டு பகுதியில் ஃபிளீசிங்கை இயக்கி, உள்ளூர் எஸ்எஸ்டி ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு பழைய தரவு நாஸுக்குப் போகும் வரை விஎம் காத்திருக்காது. உள்ளூரில் ஒரு தற்காலிக இமேஜில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். நாஸ் தன் வேகத்தில் பிறகு எடுத்துக்கொள்ளும். பேக்கப் நடக்கும் நேரத்தில் விஎம் எவ்வளவு பழைய பகுதிகளின் மேல் எழுதுகிறதோ அவ்வளவு இடம் அதற்கு வேண்டும். அதனால் அந்த ஸ்டோரேஜ் தின் வகையாகவும் (எழுதும்போதுதான் இடம் எடுப்பது) டிஸ்கார்டு ஏற்பதாகவும் (அழித்த இடத்தைத் திருப்பித் தருவது) இருக்க வேண்டும், இசட்எஃப்எஸ் போதும்.

பேண்ட்வித் வரம்பு போட்டுச் சமாளிக்கச் சிலர் சொல்வார்கள். நாஸுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும், ஆனால் இரண்டு மணி நேரத் தொல்லை நான்கு மணி நேரமாக நீளும்.

---

எண்ணூர்_ஹார்ட்வேர்

மேல சொன்னது மதியப் பிரச்சினைக்குச் சரி. ஆனா காலையிலயும் மந்தம்னு எழுதியிருக்கீங்க, அது வேற கதை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

வேலை நடக்கிற நேரத்துல ஹோஸ்ட்ல சிபியு வேகத்தைக் காட்டுற டர்போஸ்டாட் ஓட்டுங்க. மூணு பத்தி பார்த்தாப் போதும்: பிஸி சதவீதம், பிஸி மெகாஹெர்ட்ஸ், பேக்கேஜ் டெம்பரேச்சர். உங்க சிபியு-வோட அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போ 3.3 வரைக்கும். வேலை இருக்கிறப்போ 2400-க்கு மேல காட்டணும். பிஸி 80, 90 சதவீதத்துல நிக்கும்போது வேகம் 1200-ன்னு காட்டினா யாரோ கழுத்தைப் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். 1200தான் அந்த சிபியு இறங்கக்கூடிய அடிமட்டம்.

அப்போ டெம்பரேச்சரைப் பாருங்க. 90-ஐத் தாண்டியிருந்தா சூடு. ஹீட்சிங்க், ஃபேன், தெர்மல் பேஸ்ட் பக்கம் போகணும். 60 டிகிரிலயே 1200-ன்னா சூடு காரணமில்ல, வெளியிலிருந்து ப்ராக்ஹாட் (சிபியு-வை வேகம் குறைக்கச் சொல்ற) சிக்னல் வருது. நிறைய ரேக் சர்வர்ல ரெண்டு பவர் சப்ளையில ஒண்ணு செத்தாலோ, அதுக்குக் கரண்ட் வரலைன்னாலோ, மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்த மதர்போர்டு சிபியு-வை அமுக்கிடும். ஓஎஸ்-க்குள்ள எந்த எச்சரிக்கையும் வராது, விஎம் எல்லாம் பாதி வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும். ஐபிஎம்ஐடூல்ல செல் லிஸ்ட் (சர்வர் ஹார்ட்வேரோட நிகழ்வுப் பதிவு) எடுத்துப் பாருங்க, பவர் சப்ளை பத்தி ஒரு வரி இருக்கும். சர்வர் பின்னாடி போய் ரெண்டு சப்ளையோட விளக்கையும் கண்ணால பாருங்க. ஆரஞ்சு நிறத்துல ஒண்ணு எரிஞ்சா விஷயம் அதுதான். பயாஸ்ல பவர் கேப் எதாவது போட்டிருக்கான்னும் பார்த்துடுங்க.

அடுத்தது அந்த கரெக்டட் எர்ரர். இசிசி ராம் ஒரு பிட் தப்பைத் தானே திருத்திக்கும், அதனால இன்னிக்கு ஒண்ணும் ஆகல. அதே ஸ்டிக்ல ஒரே துண்டுத் தரவுக்குள்ள ரெண்டு பிட் கெட்டுதுன்னா திருத்த முடியாமப் போகலாம், ஹோஸ்ட் விழலாம், அது விழுந்தா அதோட அஞ்சு விஎம்-மும் விழும். ஹார்ட்வேர் எர்ரரைப் பதிவு பண்ற ராஸ்டீமன் இன்ஸ்டால் பண்ணி ஒரு நாள் ஓடவிட்டு, ராஸ்-எம்சி-சிடிஎல்ல எர்ரர் எண்ணிக்கை எடுங்க. எந்த சிபியு, எந்த சேனல், எந்த ஸ்லாட்னு வரும். எல்லா ஸ்டிக்லயும் ஒண்ணு ரெண்டுன்னா விட்டுடலாம். ஒரே ஸ்டிக்ல திரும்பத் திரும்ப வந்தா, அதை அடுத்த சிபியு-ல அதே இடத்துல இருக்கிற ஸ்டிக்கோட இடம் மாத்துங்க. எர்ரர் ஸ்டிக்கோட போச்சுன்னா ஸ்டிக் கெட்டிருக்கு. பழைய ஸ்லாட்லயே நின்னுச்சுன்னா ஸ்லாட் தொடர்பு இல்லன்னா சிபியு சாக்கெட் பின்.

நம்ம ஏரியாவுக்கு இது முக்கியம்: காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் காத்துல உப்பு வருது. அந்த உப்புத் தூசி ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், ராம் தொடுமுனையிலயும் ஸ்லாட்லயும் படலம் பிடிக்கும். எண்ணூர், மணலி பக்கம் நிலக்கரித் தூசி, சாம்பல் கூடச் சேர்ந்துக்கும். அதனால சர்வர் ரூம் ஜன்னலைக் காத்துக்குன்னு திறந்து வைக்கவே கூடாது. ஏசி நின்னுபோனாக் கூட ஜன்னலைத் திறக்கிறதைவிட விஎம்-களை முறையா நிறுத்துறது மேல். சர்வருக்குள்ள போற காத்து 18-லிருந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும். அதை ரூம் நடுவுல அளக்காதீங்க, சர்வர் முன்முகத்துல அளங்க.

சுத்தம் பண்றப்போ ரெண்டு பவர் கேபிளையும் கழட்டுங்க. ஃபேனைக் கையால பிடிச்சுக்கிட்டுத்தான் புளோயர் அடிக்கணும், சுத்த விட்டா அது கரண்ட் உண்டாக்கிப் போர்டுக்குள்ள அனுப்பும், பேரிங்கும் போயிடும். ராம் தொடுமுனையை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட நூல் உதிராத துணியால துடைங்க. ரப்பர் வெச்சுத் தேய்க்கிற பழக்கம் வேண்டாம், தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு. மூடுறதுக்கு முன்னாடி சிபியு மேல வர்ற பிளாஸ்டிக் காத்துத் தடுப்பை மறக்காம மாட்டுங்க. அது இல்லாம ஓடினா காத்து ஹீட்சிங்க்கைச் சுத்திக்கிட்டுப் போயிடும், ரெண்டாவது சிபியு வெந்துடும்.

---

பெரம்பூர்_நோட்

விசிபியு விஷயத்தை யாரும் தொடவில்லை. 16-ஐ உடனே 8-க்குத் திருப்புங்கள். உங்கள் சிபியு ஒன்றில் 14 கோர். 16 விசிபியு என்றால் விஎம் இரண்டு சாக்கெட்டிலும் காலை வைக்க வாய்ப்பு அதிகம். ஒரு சிபியு மற்றதன் ராமில் இருக்கும் தரவை எடுக்க நடுவிலுள்ள இணைப்பைத் தாண்டிப் போக வேண்டும். நியூமாஸ்டாட்டில் க்யூஇஎம்யு செயலைப் பார்த்தால் 101-இன் ராம் இரண்டு நோடிலும் (ஒரு சிபியு-வும் அதன் ராமும் சேர்ந்தது ஒரு நோடு) எப்படிச் சிதறியிருக்கிறது என்று தெரியும். 8 விசிபியு, 32 ஜிபி என்றால் 64 ஜிபி உள்ள ஒரே நோடில் அடங்கிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ராம் கணக்கு. விஎம்-கள் மொத்தம் 84 ஜிபி. நீங்கள் 7-லிருந்து அப்கிரேடு செய்தவர். பழைய இன்ஸ்டாலில் இசட்எஃப்எஸ் ஏஆர்சி (ராமில் வைக்கும் டிஸ்க் கேஷ்) ராமில் பாதி வரை, உங்களுக்கு 64 ஜிபி வரை, போகலாம். இரண்டும் சேர்ந்தால் 148, கையில் இருப்பது 128. ராமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்ற வரம்பு 8.1-லிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்பவர்களுக்கு மட்டும்தான் தானாக வந்தது; அப்கிரேடு செய்தவர்களுக்கு வராது. நெருக்கடி வந்தால் ஏஆர்சி சுருங்கும் என்பது உண்மை, ஆனால் அது சுருங்குவதற்குள் ஹோஸ்ட், ராமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் இறங்கிவிடும். பேக்கப் ஓடும்போது டிஸ்க் முழுக்கப் படிப்பதால் ஏஆர்சி வீங்குவதும் அப்போதுதான்.

ஏஆர்சி சம்மரி எடுத்து இப்போதைய அளவைப் பாருங்கள். மாட்ப்ரோப் டைரக்டரியில் இசட்எஃப்எஸ் கான்ஃப் ஃபைலில் இசட்எஃப்எஸ் ஏஆர்சி மேக்ஸ் மதிப்பாக 17179869184 கொடுங்கள், அது 16 ஜிபி. ரூட் இசட்எஃப்எஸ்-ல் இருந்தால் இனிட்ராம்எஃப்எஸ்-ஐ (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தொகுப்பு) புதுப்பித்துவிட்டு ரீபூட். இல்லையென்றால் அடுத்த பூட்டில் பழைய மதிப்பே திரும்பி வரும்.

விஎம் டிஸ்க் அமைப்பு: கன்ட்ரோலர் விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள், ஐஓ த்ரெட் ஆன், டிஸ்கார்டு ஆன், கேஷ் இல்லாமல். விண்டோஸில் இன்னும் ஐடிஇ அல்லது சாட்டா என்றிருந்தால் மாற்றுவதில் பெரிய பலன் கிடைக்கும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓ-வை ஏற்றி, 1 ஜிபி-க்கு ஒரு சின்ன டிஸ்க்கை ஸ்கஸியில் சேர்த்து, டிரைவர் ஏறியதைப் பார்த்த பிறகு பூட் டிஸ்க்கை மாற்றுங்கள். சிபியு வகை கேவிஎம்64 என்று பழையதாகவே இருந்தால் எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் வையுங்கள். கேவிஎம்64-ல் ஏஇஎஸ் இல்லாததால் என்கிரிப்ஷன் எல்லாம் சிபியு-வைத் தின்னும்.

எஸ்எஸ்டி பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் போனால் காப்பாற்றும் கெபாசிட்டர் அவற்றில் இல்லை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க் (டிஸ்கில் எழுதி முடித்துவிட்டுச் சொல் என்ற கோரிக்கை) கேட்கும். கெபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி உடனே சரி என்று சொல்லிவிடும், இல்லாதது ஃபிளாஷில் எழுதி முடித்த பிறகுதான் சொல்லும். பிவிஇபெர்ஃப் ஓட்டி எஃப்சிங்க் எண்ணிக்கையைப் பாருங்கள். விநாடிக்கு 200-க்குக் கீழ் என்றால் அது தனிப் பிரச்சினை. அதைச் சரிசெய்ய சிங்க்கை டிசேபிள் செய்யச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். வேகம் கூடும், ஆனால் கரண்ட் போனால் கடைசிச் சில விநாடிகளில் 'பதிவாயிற்று' என்று பயனருக்குச் சொன்ன பில்கள் டிஸ்கில் இருக்காது.

---

ராயபுரம்_சர்வர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் அளந்ததை அப்படியே தருகிறேன்.

பேக்கப் 1.30-க்குத்தான் இருக்கிறது. இரவு 9-க்கு மேல் கட்டடத்தில் மெயின் அணைத்துவிடுவதால், சாப்பாட்டு நேரம் என்று மதியம் வைத்தது. மொத்தம் 640 ஜிபி, சராசரி 88 எம்பி. மந்தமாக இருந்தபோது எஸ்எஸ்டி எழுதும் காத்திருப்பு 3 மில்லி விநாடி, பெர்ஃப்மானில் 1.9 விநாடி. ஃபிளீசிங் போட்ட பிறகு பெர்ஃப்மான் 0.014 விநாடி. ரிமோட் டெஸ்க்டாப் உறைவது நின்றுவிட்டது.

டர்போஸ்டாட்: பிஸி 74, வேகம் 1197, டெம்பரேச்சர் 58. செல் லிஸ்டில் பவர் சப்ளை 2 'ஏசி லாஸ்ட்'. பின்னால் போய்ப் பார்த்தால் அந்தக் கேபிள் பிடியூ-வில் (ரேக்கின் பவர் பலகை) தளர்ந்து கிடந்தது. அழுத்திச் சொருகியதும் வேகம் 2800-ஐத் தாண்டியது.

ஏஆர்சி 51 ஜிபி-யில் இருந்தது, ஸ்வாப் 6 ஜிபி. இப்போது 16 ஆக்கிவிட்டேன். விசிபியு 8. எஃப்சிங்க் 340.

ராஸ்டீமனில் ஒரே நாளில் 41 கரெக்டட் எர்ரர், எல்லாம் சிபியு 1, சேனல் 2-இல் உள்ள ஒரே ஸ்டிக். சனிக்கிழமை மாலைதான் நிறுத்தித் திறந்து பார்க்க முடியும். அதுவரை ஓடவிடலாமா? கெட்டது அந்த ஸ்டிக்தான் என்றால், மாற்று வரும் வரை அதை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

---

எண்ணூர்_ஹார்ட்வேர்

சனிக்கிழமை வரைக்கும் ஓட்டலாம், ஆனா தினமும் எண்ணிக்கையைப் பாருங்க. 41, 45-ன்னு இருந்தா சரி. நூத்துக்கணக்குல ஏறினாலோ, 'அன்கரெக்டட்'னு ஒரு வரி வந்தாலோ அன்னிக்கே நிறுத்துங்க.

சனிக்கிழமை மொதல்ல தொடுமுனையைத் துடைச்சு, இடம் மாத்தி, ஒரு நாள் பாருங்க. படலம்தான் காரணம்னா அதோடயே நின்னுடும், பணம் மிச்சம். நிக்காம ஸ்டிக்கோடயே போச்சுன்னா கழட்டிட்டு ஓட்டலாம். 112 ஜிபி இருக்கும், அந்த சிபியு மூணு சேனல்ல ஓடும், ராம் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்த நோட்ல 48 ஜிபிதான் மிச்சம்ங்கிறதால 101-ஐயும் 102-ஐயும் அதே நோட்ல போடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா 56 ஜிபி, இடம் பத்தாது. புது ஸ்டிக் வாங்கும்போது ரெஜிஸ்டர்டு வகைதானா, ரேங்க் எண்ணிக்கை மத்த ஏழோட ஒத்துப்போகுதான்னு ஸ்டிக்கர் பார்த்து வாங்குங்க.

பிடியூ-ல அந்த பிளக் ஏன் தளர்ந்துச்சுன்னும் பார்த்துடுங்க. முனை கறுத்திருந்தா சாக்கெட்டையே மாத்தணும், திரும்பச் சொருகினா ஒரு மாசத்துல மறுபடி 1200-க்கு வந்துடும்.

---

வண்ணை_லினக்ஸ்

ஸ்டிக்கில் கை வைப்பதற்கு முன் ஒன்று: வெள்ளிக்கிழமை எடுத்த பேக்கப்பிலிருந்து 102-ஐ வேறொரு எண்ணில், நெட்வொர்க் கார்டைத் துண்டித்த நிலையில், ரீஸ்டோர் செய்து போஸ்ட்கிரெஸ் எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். சோதனை விஎம் 105-ஐ நிறுத்திவிட்டால் 8 ஜிபி ராம் கிடைக்கும்; 102-ன் பிரதியை 8 ஜிபி-யில் தொடங்கினால் போதும், ஆனால் போஸ்ட்கிரெஸில் ஷேர்டு பஃபர்ஸ் (அது தனக்கென எடுத்துக்கொள்ளும் ராம்) அதற்கு மேல் வைத்திருந்தால் முதலில் குறையுங்கள். ராமில் பிழை வந்துகொண்டிருந்த நாட்களில் எடுத்த பேக்கப் என்பதால் இதைச் செய்யாமல் சர்வரைத் திறக்க வேண்டாம். இசட்பூல் ஸ்க்ரப்பும் (டிஸ்கில் உள்ளதையெல்லாம் படித்துச் சரிபார்ப்பது) ஒருமுறை ஓட்டி, செக்சம் பத்தி பூஜ்யம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதியப் பேக்கப் நேரத்தோடு மோதாமல் காலை 7 மணிக்குத் தொடங்கினால் சரியாக இருக்கும்.